ஒரே தொல்மொழி, மூன்று கிளைகள்: எல்லாம் ஒன்றுபோலவே வருகின்றன, எங்கே தவறு?

வளரொலி (கேள்வி)

கற்பனைத் தொல்மொழி (மூலமொழி) ஒன்றை அமைத்து, காலப்போக்கில் அதிலிருந்து பிரிந்த மூன்று கிளைமொழிகள் உருவாக்குகிறேன். தொல்மொழியில் 10 மெய்கள்: ப த க ச ம ந ல ர ய வ. உயிர்கள் அ, இ, உ, அவற்றின் நெடில்கள். பன்மைக்கு -இ, இடப்பொருளுக்கு (‘கல்லில்’ என்பதன் ‘-இல்’ போல) -மு. முதல் கிளையில் க எல்லாம் ச ஆகிறது, இரண்டாவதில் ப எல்லாம் வ, மூன்றாவதில் த எல்லாம் ர. ‘தபகு’ என்ற சொல் தபசு, தவகு, ரபகு என்று வருகிறது. மூன்று மொழிகள் போலவே இல்லை, எழுத்தை மாற்றிப் போட்ட சங்கேதம் போல இருக்கிறது. இலக்கணமும் மூன்றிலும் அப்படியே ஒன்று. எதை மாற்ற வேண்டும்?

ஒலிமுதல்

‘எல்லாம்’ என்ற சொல்தான் சிக்கல். எந்த ஒலிக்குப் பக்கத்தில் வந்தால் மாறும் என்ற சூழல் உங்கள் விதிகளில் இல்லை. திராவிட மொழிகளையே பாருங்கள். கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் ‘செவி’: இ, எ முன் வந்த பழைய ககரம் தமிழில் சகரமானது. ஆனால் அடுத்து ட, ள போன்ற நாவளை ஒலி (நாநுனி மேலே வளைந்து பிறப்பது) வந்தால் தமிழ் மாற்றவில்லை. கெடு, கிளி அப்படியே நின்றன. தெலுங்குக்கு அந்தத் தடை இல்லை, அங்கே ‘செடு’, ‘சிலுக’. ஒரே மாற்றம், சூழல் மட்டும் வேறு. அதுவே இரண்டு மொழிக்கு இரண்டு முகம் தருகிறது.

அடுத்தது வரிசை. ‘மாக்’ என்றால் கல் என்று வைப்போம். பன்மை மாகி, இடப்பொருள் மாக்மு. இரண்டே விதிகள்: (அ) இகரத்தின் முன் ககரம் சகரமாகும், (ஆ) சொல்லிறுதிக் குற்றுயிர் கெடும்.

முதல் கிளையில் (அ) முதலில் நடக்கட்டும். மாகி > மாசி > மாச். ஒருமை மாக், பன்மை மாச். விகுதி மறைந்து, மெய்யின் மாற்றமே பன்மையைக் காட்டுகிறது. மாக்மு > மாக்ம் என்று நின்றுவிடும், அதைச் சொல்வது கடினம். உயிர் கெட்டதும் நெருங்கி நிற்கும் மெய்களுக்குத் தனி விதி எழுத வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மூக்கொலி முன் க் > ங் என்று வைத்து, இறுதி மகரத்தையும் கெடுத்தால் மாங். ஆக மாக், மாச், மாங்.

இரண்டாம் கிளையில் (ஆ) முதலில். மாகி > மாக். பன்மையும் ஒருமையும் ஒன்றாகிவிட்டன, (அ) வரும்போது இகரமே இல்லை. இப்போது இந்த மொழி பன்மைக்குப் புது வழி தேடியாக வேண்டும். கூட்டம் என்று பொருள்படும் ‘வரு’ என்ற சொல் பக்கத்தில் ஒட்டட்டும்: மாக்வர். ‘வரு’வும் (ஆ)வுக்கு உட்பட்டு ‘வர்’ ஆனதைக் கவனியுங்கள். விகுதிகளுக்குச் சலுகை கிடையாது.

கிளைக்கு 12 முதல் 15 விதிகள் போதும். விதி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 100 சொற்களை வரிசைப்படி ஓட்டிப் பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒரே வடிவில் மோதினால் (ஆ)வைத் தளர்த்துங்கள், அல்லது இரண்டு சொல்லைச் சேர்த்துக் கூட்டுச்சொல் ஆக்குங்கள்.

குற்றியலுகரம்

ஒன்று சேர்க்கிறேன். ‘மாகி’ என்று தமிழில் எழுதியவுடன் நம் வாய் நடுக் ககரத்தைத் தானாகவே மென்மையாக ஒலிக்கும். தொல்மொழியில் அது வல்லொலியா மெல்லொலியா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் எழுதாத விதி ஒன்று மூன்று கிளையிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வளரொலி

விதிவிலக்குகள் வேண்டுமே? சில சொற்களை மட்டும் கையால் மாற்றலாமா?

வேர்ச்சொல்

கூடாது. விலக்குக்கும் காரணம் இருக்க வேண்டும். செருமானிய மொழிகளில் பழைய தகரம் உரசொலியானது (ஆங்கில th போல) என்ற விதிக்கு ‘சகோதரன்’ அடங்கியது, ‘தந்தை’ அடங்கவில்லை. அங்கே ஒலிப்புள்ள மெய் (d போலக் குரல் அதிர்வது) வந்தது. டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1877இல் விளக்கினார்: பழைய சொல்லழுத்தம் தகரத்துக்கு முன் அசையில் விழுந்தால் ஒரு விளைவு, இல்லையென்றால் வேறு. சமஸ்கிருதத்தின் பிதர், ப்ராதர் இரண்டிலும் அழுத்தம் விழும் இடம் அதைக் காட்டியது. பிறகு செருமானியத்தில் அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்துவிட்டது. காரணம் அழிந்தது, விளைவு மட்டும் தங்கியது. உங்கள் மூன்றாம் கிளைக்கு இதைச் செய்யுங்கள்: தொல்மொழிக்கு நகரும் அழுத்தம் கொடுங்கள், அதைச் சூழலாக வைத்து ஒரு விதி ஓட்டுங்கள், பிறகு அழுத்தத்தை முதல் அசையில் நிறுத்துங்கள்.

ஒப்புமையும் (ஒரு வடிவத்தைப் பார்த்து இன்னொன்றைச் சீராக்குவது) உண்டு. மூன்றாம் கிளையில் உயிரிடைக் ககரம் கெட்டால் மாகி > மாய், ஒருமை மட்டும் மாக். பேசுவோர் பன்மையைப் பார்த்து ஒருமையை ‘மா’ என்று சீராக்கிவிடலாம். ஆனால் அன்றாடம் அடிபடும் சொற்கள் சீராகாமல் தப்பிக்கும். அதனால் கை, கண், நீர், வா, போ போன்ற பொருளுள்ளவற்றில் பழைய கோணலை விட்டுவையுங்கள்.

இலக்கணமும் தனிச்சொல் தேய்ந்தே பிறக்கும். ‘வந்து கொண்டிருக்கிறான்’ பேச்சில் ‘வந்துகிட்டிருக்கான்’ ஆனதில் ‘கொண்டு’ தன் பொருளை இழந்து காலத்தின் தன்மையைக் காட்டும் துண்டாகிவிட்டது. பிரெஞ்சு எதிர்கால விகுதியும் லத்தீனில் ‘உடைமை’ குறித்த வினை தேய்ந்து வந்ததுதான். ஒரு கிளையில் ‘இரு’வையும், இன்னொன்றில் ‘போ’வையும் எதிர்காலத்துக்கு ஒட்டினால் வினைமுற்றுகள் தாமே பிரிந்துவிடும்.

இன்னொன்று: மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். இரண்டு கிளைகளுக்குப் பொதுவாக 4, 5 விதிகளை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு பிரியுங்கள். உறவை நிறுவுவது பொதுவான புதுமைகள்தான். இரண்டும் பழையதைக் காத்து வைத்திருப்பது நெருக்கத்துக்குச் சான்று ஆகாது.