ஹாஸ்டல் அறையும் பூம் மைக் பிடிக்க ஆளும் தேவை: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். கல்லூரித் தோழிகள் மூவரைப் பற்றிய சின்ன பட்ஜெட் படம். பெரிய சண்டை எதுவும் இல்லை; திருப்பித் தராத ஐந்நூறு ரூபாயைப் பற்றி யாரும் வாய் திறக்காமலே மூன்று வருடம் ஓடிவிடுகிறது. பாதிப் படம் ஒரே அறைக்குள்தான்.

அறை 12க்கு 14 அடியாவது வேண்டும். அதைவிடச் சிறியது என்றால் வைடு லென்ஸ் போட வேண்டிவரும், ஓரத்தில் உட்காருபவர் முகம் இழுபட்டுத் தெரியும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். லாரியின் ஏர்ஹாரன் வசனத்தின் மேல் விழுந்தால் எடிட்டில் சுத்தமாகப் பிரிக்க வராது.

எங்களுக்கு ஒலிதான் உயிர். பேச்சு நின்றதும் எவர்சில்வர் தட்டில் சோற்றைப் பிசையும் விரல் நிற்பது கேட்க வேண்டும். ஃபேனை அணைத்துத்தான் எடுப்போம். காலர் மைக்கில் துப்பட்டா உரசும், அதனால் பூம் (நீளக் கம்பின் நுனியில் மாட்டிய மைக்) பிடித்துப் பழகியவர் கட்டாயம் தேவை. வெறும் சுவர் எதிரொலிக்கும். அதை மறைத்துத் தொங்கவிட எட்டு ஜமுக்காளம் இரவல் கிடைத்தால் பெரிய உதவி.

அறையின் படத்தோடு, அங்குள்ள விளக்கை மட்டும் போட்டு விநாடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடியில் பத்து விநாடி வீடியோவும் அனுப்புங்கள். மலிவு எல்இடி என்றால் அந்த ஷட்டரிலும் வீடியோவில் கோடு ஓடலாம், பல்பை மாற்ற வேண்டும்.

மொத்தம் ஆறு நாள். வாடகை, சம்பளம், சாப்பாடு எல்லாம் தருவோம். தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.