நிர்வாகப் பக்கங்களில் நீங்கள் கண்ட ஓட்டைகள்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:
நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் நெட்வொர்க் வேலைக்குப் போயிருந்தேன். அறைப் பதிவு மென்பொருளின் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்டது, தவறாகக் கொடுத்தால் மறுக்கவும் செய்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, லொகின் செய்யாத இன்னொரு பிரவுசரில் அறிக்கைப் பக்கத்தின் முகவரியை மட்டும் போட்டுப் பார்த்தேன். விருந்தினர் பெயர், பாஸ்போர்ட் இலக்கம், அறை எண் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "வாசல்ல கேக்குதுதானே தம்பி, பிறகென்ன?" என்றார் முதலாளி. வாசலில் மட்டும்தான் கேட்கிறது, உள்ளே எந்தப் பக்கமும் "நீ யார்" என்று கேட்பதில்லை என்று காட்டினேன்.

மென்பொருள் செய்தவரிடம் சொன்னோம். அவர் மெனுவில் இருந்த இணைப்பை மறைத்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்றார். அதே முகவரி அப்போதும் திறந்தது! ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆள் யாரென்று சர்வர்தான் சரிபார்க்க வேண்டும். திரையில் எதை மறைத்தாலும் அது பாதுகாப்பு ஆகாது. அவர் திருத்தித் தரும்வரை, ஹோட்டல் அலுவலகக் கணினிக்கு மட்டும் அந்தப் பக்கம் திறக்கும்படி கட்டுப்படுத்தி வைத்தேன். பாஸ்போர்ட் விவரத்தை நம்பிக் கொடுத்தவர்களை நினைத்தால் இன்னும் கோபம்தான் வருகிறது.

கிண்ணியாவிலிருந்து:
எங்கள் பக்கம் கமராப் பெட்டிகளில்தான் பிரச்சினை. பூட்டித் தந்தவர் எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார். "மறந்தா எனக்கு எடுங்கோ, எல்லா இடமும் ஒண்டுதான்" என்று பெருமையாக வேறு சொல்கிறார். ஃபோனில் பார்க்க வசதியாக ரவுட்டரில் போர்ட்டையும், அதாவது வெளி இணையத்திலிருந்து கமராவுக்கு வரும் வழியையும், திறந்துவிட்டிருந்தார். 2016இல் மிராய் என்ற தீங்கு மென்பொருள் பரவியதே இப்படித்தான். தொழிற்சாலையில் வைத்த ஏறக்குறைய 60 பெயர்-பாஸ்வேர்ட் சோடிகளை மாற்றி மாற்றிப் போட்டே கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஒக்டோபரில், பிடித்த கருவிகளைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டின் (Dyn) நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. இங்கே போர்ட்டை மூடி, கடைக்கொரு பாஸ்வேர்ட் வைத்திருக்கிறோம்.

உப்புவெளியிலிருந்து:
உவர்மலை அண்ணா சொன்ன மாதிரி ஓட்டை பெரிய மென்பொருட்களிலும் வந்திருக்கிறது. 2024 பெப்ரவரியில், தூரத்திலிருந்து கணினிகளை இயக்க உதவும் ஸ்கிரீன்கனெக்ட் மென்பொருளில் வந்ததைப் பாருங்கள். முதல்முறை நிறுவும்போது வரும் பக்கம், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் மறுபடி திறந்தது. அதில் யாரும் புதிய நிர்வாகி கணக்கு உருவாக்கலாம். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தும் பிரயோசனமில்லை. 23.9.8 பதிப்பில்தான் அடைத்தார்கள்.

அதனால் எதைப் பொறுப்பேற்றாலும், நிறுவும் பக்கம் இன்னும் திறக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இங்கே புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு ஒன்று: உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், எதையும் எடுக்காவிட்டாலும்.