வெடி போடாத தீபாவளி, சுள்ளி பொறுக்காத காடு

ஊரே சேர்ந்து காத்து வைத்திருக்கிற குளம், காடு, தோட்டம், மேய்ச்சல் நிலம் எதையாவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். படித்ததும் கேள்விப்பட்டதும் வேண்டாம், போய்ப் பார்த்தது. என் கதையோடு தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சென்னை. மனைவிக்குத் திருப்பத்தூர்ப் பக்கம், அதாவது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் (ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது). அவளுடைய பெரியம்மா வீடு கொள்ளுகுடிப்பட்டியில். மூன்று வருடம் முன்பு தீபாவளிக்கு முதல் நாள் மாலை அங்கே போய் இறங்கினோம். பையனுக்கு அப்போது ஏழு வயது, சிவகாசிப் பெட்டி ஒன்றை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தான். பெரியம்மா வாசலில் நின்று எங்களை வாங்க என்று கூப்பிடும் முன்பே அந்தப் பெட்டியைத்தான் பார்த்தார். "அதைக் காருக்குள்ளேயே வச்சிருங்க மாப்பிள்ளை. இங்க யாரும் போடுறதில்லை." குரலில் கோபமும் இல்லை, விளக்கமும் இல்லை. செருப்பை வெளியே விடுங்கள் என்கிற மாதிரிதான் இருந்தது.

விஷயம் இதுதான். ஊரை ஒட்டியே கண்மாய். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று பலகை போட்டிருப்பார்கள், 1977-இல் அறிவித்தது, மூன்று கண்மாய்களையும் சேர்த்து 38 ஹெக்டேர் சொச்சம்தான். ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறையும்போது நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும், சரியாகத் தீபாவளி சமயத்தில். ஒரு சரவெடி போட்டால் தாய்ப்பறவை பதறி எழும், கூட்டில் இருப்பது கீழே விழும். அதனால் வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் கிடையாது, கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. எத்தனை வருடமாக என்று கேட்டேன். "நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே இல்லை" என்றார் பெரியம்மா. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

பையன் அழுதான், நியாயமான அழுகை. இரவு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கம்பி மத்தாப்பை மட்டும் கொளுத்திவிட்டு, தாங்கள் ஏதோ பெரிய மனிதர்கள் மாதிரி, "பறவைக்கு ஆகாதுடா" என்று இவனுக்குப் பாடம் எடுத்தார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கரைக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, வெடிச் சத்தமெல்லாம் ஒன்றுமில்லை. நாற்றமும் அப்படித்தான். அழகான இடம் என்று யாரும் பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம்.

வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு ஊராருக்கு இனிப்பு கொடுப்பது வழக்கம். அந்த இனிப்புக்காகவா இவர்கள் வெடி போடாமல் இருக்கிறார்கள்? இனிப்பு பின்னால் வந்தது.

\* \* \*

நாற்றம் என்று சொன்னீர்களே அண்ணா, அதற்காகவே எழுத வந்தேன். நான் கல்யாணமாகி வந்தது கூந்தன்குளத்துக்கு, நாங்குநேரி தாலுகா. உங்களுக்குக் கண்மாயில் பறவை, எங்களுக்கு வீட்டுப் புறவாசலில். வேப்ப மரம், புளிய மரம், வாகை மரம், எது கிடைத்தாலும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டிவிடும். கூழைக்கடாவும் வரும். ஒரு மரத்தில் எத்தனை கூடு என்று எண்ண முடியாது.

வந்த முதல் வருடம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. கொடியில் துணி போட்டால் வெள்ளை வெள்ளையாக எச்சம். மொட்டை மாடியில் வடகம் போட முடியாது. கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டும்போது தவறி விழுகிற மீன் முற்றத்தில் கிடந்து அழுகும், அதற்குப் பூனை வரும், பூனைக்கு நாய் வரும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் என் மைனியிடம், "இந்தக் கிளைய மட்டுமாவது வெட்டுனா என்ன மைனி?" என்று கேட்டுவிட்டேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பறவ வராத வருசம் மழ இல்லாத வருசம். நீ வந்த வருசம் வராமப் போனா ஊரு என்ன சொல்லும்?" அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டேன்.

சரணாலயமாக அறிவித்தது 1994-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்துவைப்பது பலகை இல்லை, பக்கத்து வீட்டுப் பையன்தான். எங்கள் மாமா கண்மாய் வண்டலை எச்சத்தோடு சேர்த்து அள்ளி வயலில் போடுவார், அந்த வருடம் உரக்கடைப் பக்கம் அதிகம் போக வேண்டாம். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிரம்பினால்தான் இதெல்லாம். தண்ணீர் வராத வருடங்களில் மரம் மொட்டையாக நிற்கும், துணி வெள்ளையாகக் காயும். ஆனால் அப்போது வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

\* \* \*

சின்னதாக ஒன்று. வேடந்தாங்கலிலும் இதே கணக்குதான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுட வந்தபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு, இங்கே சுடக் கூடாது என்று கௌல், அதாவது எழுத்து மூலமான உத்தரவு, வாங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது இது. அரசாங்கம் சரணாலயம் என்ற வார்த்தையைப் பிடிப்பதற்கு நூறு வருடம் முன்பே. பாசம் பாதி, நெல் பாதி. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

\* \* \*

எல்லோரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள். நான் கெட்ட கதை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

புதுக்கோட்டை மாவட்டம், ஊர் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் அய்யனார் கோயிலைச் சுற்றி நாலு ஏக்கர் காடு இருந்தது. காடு என்றால் யானை, புலி எல்லாம் இல்லை. வீரை, பாலை, காசான், பெயர் தெரியாத கொடிகள், நடுவில் மண்குதிரைகள். அந்தக் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. பொங்கல் வைக்கப் பொறுக்கலாம், பொங்கல் முடிந்து மிச்சம் இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். சின்ன வயதில் நான் ஒரு கவட்டைக் கம்பை உண்டிவில்லுக்காக டவுசரில் சொருகிக்கொண்டு வந்து, அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகும் என்னை இழுத்துக்கொண்டு போய் எடுத்த இடத்திலேயே போட வைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அரிவாள் கொண்டுபோனால் கண் போய்விடும் என்பார்கள். செருப்பும் கூடாது.

அதை அழித்தது யார் தெரியுமா? வெளியூர்க் கம்பெனியா? இல்லை. நாங்கள்தான். சிங்கப்பூரிலும் துபாயிலும் சம்பாதித்த காசு வந்தது, கும்பாபிஷேகம் என்றார்கள், கல் மண்டபம் வேண்டும் என்றார்கள், கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள், தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். மரம் வெட்டும் முன் சாமியிடம் பூப் போட்டு உத்தரவு கேட்டார்கள், கேட்ட பூ வந்துவிட்டதாம். நானும் ஐயாயிரம் வரி கொடுத்தேன், ரசீது வீட்டில் இருக்கிறது. இப்போது அங்கே ஒரு ஏக்கர் மிஞ்சியிருந்தால் அதிகம். பங்குனியில் போனால் வெறுங்காலில் டைல்ஸ் மேல் நிற்க முடியவில்லை. முன்பு அதே இடத்தில் உச்சி வெயிலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

போன வருடம் ஒரு வேலையாக நத்தம் பக்கம் போனவன் காசம்பட்டி கோயில் காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அழகர்மலைப் பக்கம், சுற்றிலும் மாந்தோப்பு, நடுவில் ஐந்து ஹெக்டேர் அளவுக்கு மட்டும் அடர்த்தியாக. 2025-இல் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிரினங்களுக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்திருக்கிறது. உள்ளே போனவுடன் அந்த இலை மக்கிய வாசனை. எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. அதிக நேரம் நிற்கவில்லை.

\* \* \*

அண்ணே, ஐயாயிரத்தை ஒத்துக்கொண்டதற்கே ஒரு கும்பிடு.

நான் மேலூர்க்காரன். அறிவிப்பு வந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக அரிட்டாபட்டியைச் சொல்ல வேண்டும். ஏழு மலை, குளங்கள், சுனைகள், 2,200 வருடப் பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில், மேலே லகர் வல்லூறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193 ஹெக்டேர். ஊரில் எல்லோருக்கும் பெருமை. சரியாக இரண்டு வருடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் இருக்கிறது என்று செய்தி வந்தது. பலகை நட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கிராமசபைத் தீர்மானங்கள், சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடை. நானும் நடந்தேன். கொள்கை பேசுகிற ஆள் இல்லை நான், உரக்கடை வைத்திருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டுப் போனேன், ஏனென்றால் தெருவில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது, திறந்திருந்தால் அசிங்கம். என் முன்னால் ஒரு அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு நடந்தார். எங்கே சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க நிப்பாட்டுறாங்களோ அங்க" என்றார். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. முன்பு கிரானைட்டுக்கு மலையைக் கேட்டபோதும் இந்த ஊர் இப்படித்தான் நின்றது, அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

\* \* \*

பழக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். சென்னை, வேளச்சேரிப் பக்கம், நாற்பத்தெட்டு வீட்டு அடுக்ககம். மொட்டை மாடியில் பொதுத் தோட்டம் போடலாம் என்று யோசனை சொன்ன பாவி நான்தான். தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் மாடித் தோட்டக் கிட் வாங்கி வந்தோம், தென்னை நார்க்கழிவு கொட்டினோம், வாட்ஸ்அப் குழு தொடங்கினோம், யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று அட்டவணை போட்டோம். அட்டவணை பிரமாதமாக இருந்தது.

முதல் கத்தரிக்காய் காய்த்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காணோம். குழுவில் 140 செய்தி. வியாழன் முறைக்காரரைச் சந்தேகப்பட்டு அவர் குழுவை விட்டே போய்விட்டார் (பிறகு பார்த்தால் அணில்). 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் நிலை வந்ததும், செடிக்கா மனுஷனுக்கா என்று கூட்டம் போட்டு, செடி தோற்றது. செடிப் பைகள் எல்லாம் வெயிலில் கிழிந்து கிடந்தன.

ஒன்றே ஒன்று தப்பியது. மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு பாட்டி அட்டவணையில் பெயரே கொடுக்காதவர். அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு தினமும் மாடி ஏறுவார், செடிக்கு ஊற்றுவது ஒரு சாக்குத்தான், உண்மையில் வீட்டில் இருக்கப் பிடிக்காது. அவர் பக்கத்து நாலு பையில் முளைக்கீரையும் பசலையும் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளலாம், ஆனால் வேரோடு பிடுங்கினால் திட்டுவார். பயங்கரமாகத் திட்டுவார். நாற்பத்தெட்டு வீடும் அவருக்குப் பயப்படுகிறது.

\* \* \*

காங்கேயம் பக்கம் வந்தால் எங்கள் கொரங்காட்டைப் பாருங்க. ஊர்ப் பொது இல்லை, அவரவர் பட்டா நிலம்தான், ஆனாலும் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்திருக்கிறோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். ஒரு காட்டில் புல் குறைந்தால் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவோம். வேலியைத் தாண்டி யார் மாடு வந்தாலும் சண்டைதான், ஆனால் மழை இல்லாத வருடத்தில் பங்காளி மாட்டுக்குப் படல் திறந்துவிடாதவனை ஊரில் மதிக்க மாட்டார்கள். இப்போது சைட் போட ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்க அப்பா இருக்கிற வரைக்கும் கொடுக்க மாட்டார். அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

\* \* \*

தொடங்கினவன் மறுபடியும். கேட்டவர்களுக்கு: கொள்ளுகுடிப்பட்டிக்கு ஐப்பசியிலிருந்து மாசிக்குள் போங்கள், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு. பையன் இப்போது தீபாவளிக்குப் பெரியம்மா வீடுதான் என்கிறான். பறவைமேல் அன்பு என்று நான் ஏமாறவில்லை, அங்கே அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். கூந்தன்குளம் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது தங்கச்சி, எப்போது வந்தால் நன்றாக இருக்கும்?

\* \* \*

பங்குனி, சித்திரையில் வாங்க அண்ணா, குஞ்சு எல்லாம் பெரிதாகியிருக்கும். அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. குடை ஆளுக்கு ஒன்று. வெயிலுக்கு இல்லை.