சேலத்திலிருந்து இராமேசுவரம்: வயசான அப்பா அம்மாவோடு 22 தீர்த்தம், தனுஷ்கோடி. எப்படித் திட்டம் போடலாம்?

சூரமங்கலம்_வடக்கு (கேள்வி)

தை மாசம் குடும்பத்தோட இராமேசுவரம் போறோம். அப்பாவுக்கு 72, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 67, முட்டி வலி. நான், மனைவி, எட்டு வயசுப் பையன். சொந்த கார், ரெண்டு ராத்திரி தங்கல். தாத்தா பாட்டிக்குத் தர்ப்பணம் பண்ணணும், 22 தீர்த்தமும் ஆடணும்னு அப்பா பிடிவாதமா இருக்கார். பையனுக்குத் தனுஷ்கோடி பார்க்கணும்.

1. மதுரை வழியா, திருச்சி வழியா?
2. ஸ்படிக லிங்கம், கடல் குளியல், 22 தீர்த்தம், சாமி தரிசனம். இதுல எது முன்னே, எது பின்னே?
3. தனுஷ்கோடிக்கு எந்த நேரம் சரி?

ஓட்டல் பேரெல்லாம் வேண்டாம், அது தேடிக்கிறேன். வழிமுறை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஐந்துரோடு_ஸ்டியரிங்

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியா சுமார் 400 கி.மீ. நாமக்கல், முசிறி, திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியா போனா இருபது முப்பது கி.மீ. குறையும். மேப் இந்த ரெண்டாவதைக் காட்டி ஆசை காட்டும், ஏமாறாதீங்க. நாமக்கல்லிலிருந்து திருச்சி வரைக்கும் காவிரிக் கரை ஊர்கள் ஒண்ணு மேல ஒண்ணு வரும். கரும்பு டிராக்டர், வேகத்தடை, சந்தைக் கூட்டம்னு மிச்சமாகற தூரத்தை நேரத்துல கொடுத்துடுவீங்க. வயசானவங்களுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை வேணும். அதுக்கு நாலு வழிச் சாலைதான் தோது. மதுரைக்குள்ள நுழையாம ரிங் ரோடு பிடிச்சு இராமநாதபுரம் ரோட்டுல ஏறிடுங்க. பரமக்குடி வரைக்கும் நல்லா போகும், அதுக்கப்புறம் ரோடு குறுகும். அந்தப் பகுதியை இருட்டுல ஓட்டாதபடி கிளம்பற நேரத்தை வைங்க. காலையில 5 மணிக்குக் கிளம்பினா நிறுத்தி நிறுத்திப் போனாலும் மதியம் ரெண்டுக்குள்ள பாம்பன்.

பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டி நிறுத்தக் கூடாது. எல்லாரும் நிறுத்தறாங்களேன்னு நீங்களும் ஓரங்கட்டினா, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு வழி இருக்காது, போலீஸ்காரர் வந்து நிப்பார். மெதுவா ஓட்டுங்க, பையன் இடது பக்கம் உட்காரட்டும். போகும்போது இடது பக்கம்தான் ரயில் பாலம். 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. இப்ப ஓடறது 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதுப் பாலத்துல. நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு, கப்பல் வந்தா அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். பழையது ரெண்டு பக்கமும் கதவு மாதிரி விரிஞ்சது.

பஸ்ஸுல போக நினைக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேலம் பஸ் மதுரையில ஆரப்பாளையத்துல நிக்கும். இராமேசுவரம் பஸ் கிளம்பறது மாட்டுத்தாவணியில. மூட்டை முடிச்சோட ஊரைக் குறுக்கே கடக்கணும். அதைக் கணக்குல வைக்காம அடுத்த பஸ்ஸுக்கு நேரம் போடாதீங்க.

---

கோட்டை_மாரி

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அங்க முக்கால்வாசிப் பேர் வரிசை மாத்திப் போய்தான் அவஸ்தைப்படறாங்க.

ஒரே ஒரு விதியைப் பிடிச்சுக்கங்க: ஈரத் துணியோட மூலவர் சன்னதிக்கு விட மாட்டாங்க. மத்ததெல்லாம் இதை வச்சு அமையும்.

லாட்ஜ்லயே குளிச்சு, காய்ஞ்ச துணியோட ஸ்படிக லிங்கத்துக்குப் போயிடுங்க. காலை 5 மணி வாக்குல திறக்கும், ஒரு மணி நேரம்தான். 4 மணிக்கே வரிசை ஆரம்பிச்சுடும். இதை விட்டா அன்னைக்கு ஸ்படிகம் கிடையாது, மறுநாள் காலைதான். அது முடிஞ்சு வெளியே வந்து கிழக்கு வாசலுக்கு எதிரே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அலை பெரிசா இருக்காது, ஆழமும் குறைவு. ஆனா அடியில கல்லும் பாசியும் இருக்கும். சர்க்கரை உள்ளவர் காலுல சின்னக் கீறல் பட்டாலும் ஆற நாளாகும், அதனால அப்பா கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க. முட்டியளவு தண்ணியில உட்கார்ந்து மூணு முழுக்குப் போட்டாப் போதும். கட்டின பழைய துணியைக் கடல்ல விட்டுட்டு வரச் சொல்லி யாராவது சொல்வாங்க. கேட்காதீங்க, கரையெல்லாம் அந்தத் துணிதான் மக்கிக் கிடக்கு. சோப்பும் கூடாது.

கடல்ல நனைஞ்ச துணியோடயே கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். தலைக்கு 25 ரூபாய் டிக்கெட், கோயில் கவுண்டர்லயே வாங்குங்க. மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தத்துல முடியும். கிணத்து விளிம்புல ஆள் நின்னு, கயிறு கட்டின சின்ன வாளியில மொண்டு தலையில ஊத்துவார். கூட்டம் இருந்தா ஒரு வாளியை அஞ்சு பேர் மேல வீசிட்டு அடுத்த வாளிக்குப் போயிடுவார். தண்ணி படலைன்னா நகராம நின்னு கேளுங்க, ஊத்துவாங்க. "தனியா நல்லா ஊத்தறேன், தலைக்கு இவ்வளவு"ன்னு வெளியில ஆள் பிடிக்கறவங்க உண்டு. அஞ்சு பேருக்கு அது எங்கேயோ போய் நிக்கும். சாதாரண நாள்ல தேவையே இல்லை.

வழக்கமா சறுக்கற இடங்கள்:

தரை. கருங்கல், எப்பவும் தண்ணி, ஆயிரக்கணக்கான கால் தேய்ச்ச வழவழப்பு. வளைவுல திரும்பற இடத்துலதான் விழறாங்க. அம்மாவை நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் ஆள் வாங்க.

புடவை. நனைஞ்ச பருத்திப் புடவை கனத்துக் காலைச் சுத்தும். அம்மா சம்மதிச்சா அடர் நிறத்துல சுடிதார். இல்லைன்னா கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டின சிந்தெட்டிக் புடவை. அப்பாவுக்கு வேட்டி மேல பெல்ட்.

காது மெஷின், மூக்குக் கண்ணாடி, கார் சாவி. ரிமோட் சாவி நனைஞ்சா அதோட கதை முடிஞ்சது. காது மெஷினைக் கழட்டாம முதல் வாளிக்குத் தலை குனிஞ்சவங்க நிறைய. போன் கோயிலுக்குள்ள அனுமதி இல்லை, லாட்ஜ்லயே வச்சுடுங்க. பிரிஞ்சு போனா எங்க சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வைங்க. மூணாம் பிரகாரத்துல எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தூண், 1212 தூண். பையன் வழி தவறினா "கிழக்கு வாசல், அனுமார் சன்னதி"ன்னு கேட்கச் சொல்லிக் கொடுங்க.

கிணறு ஒவ்வொண்ணோட தண்ணியும் ஒவ்வொரு ருசி. கடல்லயிருந்து ரெண்டு நிமிஷ நடையில இருந்தும் பல கிணத்துல உப்புக் கரிக்காது. கோடி தீர்த்தத் தண்ணியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வர்றது வழக்கம். வழியில சிந்தாம இருக்க, சின்னத் திருகு மூடி பாட்டில் இங்கேருந்தே எடுத்துட்டுப் போங்க.

முடிஞ்சதும் துணி மாத்தணும். ரத வீதியிலயே ரூம் போடுங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான். அஞ்சு நிமிஷம் நடந்து ரூம்ல மாத்திட்டு, ஏதாவது சாப்பிட்டுட்டு, நிதானமா தரிசனத்துக்கு வரலாம். மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பாங்க. ஒன்பது மணிக்குள்ள தீர்த்தம் முடிச்சாச்சுன்னா அவசரமே இல்லை. சன்னதியில இராமலிங்கம், விசுவலிங்கம் ரெண்டையும் பார்க்கணும். அனுமார் கொண்டு வந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூஜை. அப்புறம் பர்வதவர்த்தினி அம்மன்.

---

தாதகாப்பட்டி_குரு

தர்ப்பணம் பற்றி.

தை மாதம் என்றால் தை அமாவாசையைப் பார்த்துத் தேதி குறியுங்கள். அமாவாசையன்றுதான் செய்ய வேண்டும் என்று அப்பா சொன்னால் மறுத்துச் சொல்லுங்கள். இராமேசுவரத்தில் க்ஷேத்திரத்துக்கே மதிப்பு, எந்த நாளிலும் செய்யலாம். தை, ஆடி அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. முட்டி வலியோடு அந்தக் கூட்டத்தில் அம்மாவை நிறுத்துவது நியாயமே இல்லை. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

அப்பா இருக்கும்போது நீங்கள் எள் தொடக் கூடாது. அவர் மட்டும் செய்வார், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தாத்தா பாட்டி, அவர்களுக்கு முந்தைய இரண்டு தலைமுறைப் பெயர்கள், கோத்திரம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகவும். அங்கே உட்கார்ந்த பிறகு கொள்ளுப் பாட்டி பெயருக்குச் சேலத்துக்குப் போன் போடுகிறவர்கள்தான் அதிகம். எள், தர்ப்பை, பச்சரிசி எல்லாம் கரையிலேயே கிடைக்கும். வெறும் தர்ப்பணமா, பிண்டமா, தில ஹோமமா என்பதைத் தெளிவாகச் சொல்லி, மொத்தத் தொகை இவ்வளவு, தட்சிணை, தானம் உட்பட என்று உட்காருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். பாதியில் "கோதானம், வஸ்திர தானம்" என்று ஏறுவது அப்படித்தான் நிற்கும்.

சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றோடு ஸ்படிகம், கடல், தர்ப்பணம், தீர்த்தம் என்று நான்கையும் ஒரே காலையில் செய்யக் கூடாது. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும். முதல் நாள் காலை தர்ப்பணமும் கடலும் தீர்த்தமும், மறுநாள் ஸ்படிகம் என்று பிரியுங்கள். இரண்டு இரவு இருப்பது அதற்கு வசதி. மாத்திரை நேரத்தை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

சூரமங்கலம்_வடக்கு

ரொம்ப நன்றிங்க. தேதியை மாத்திட்டேன். அம்மாவால 22-ம் நடக்க முடியலைன்னா பாதியில விட்டா தப்பா?

---

கோட்டை_மாரி

தப்பே இல்லைங்க. கடல்ல கால் நனைச்சு தலையில தண்ணி தெளிச்சுக்கட்டும். நீங்க கோடி தீர்த்தத் தண்ணியைப் பாட்டில்ல கொண்டு வந்து அம்மா தலையில தெளிச்சு புரோட்சணம் பண்ணிடுங்க. அந்த நேரத்துல மருமகளும் அம்மாவும் நனையாம நேரா தரிசனம் முடிச்சுட்டுப் பிரகாரத்துல உட்கார்ந்திருக்கலாம். காய்ஞ்ச துணிப் பையைப் பார்த்துக்க ஒரு ஆள் எப்படியும் வேணும்.

---

அம்மாப்பேட்டை_தறி

மூணாவது கேள்வி என்னுது.

தனுஷ்கோடிக்கு ஊர்லேருந்து இருபது கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. 2017-லேருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, உங்க காரே போகும். ஜீப், வேன்னு கூப்பிடறவங்ககிட்ட ஏற வேண்டியதில்லை. நேரம்: காலை 6 மணியிலிருந்து 9, இல்லைன்னா சாயங்காலம் 3 மணிக்குப் போய் 5 மணிக்குள்ள திரும்பறது. இருட்டினா போலீஸ் திருப்பி அனுப்பிடும், ரோட்டுல விளக்கும் கிடையாது. மத்தியான வெயில் வேண்டாம். ஒதுங்க ஒரு மரம் இல்லை. நம்ம ஊர் வெயில் காய வைக்கும், அங்கத்தது காத்தோட சேர்ந்து பிசுபிசுன்னு ஒட்டும்.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், அமைதியா இருக்கறதால பெண் கடல்னும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடிச்சு ஆடறதை ஆண் கடல்னும் சொல்வாங்க. ஆனா அது மாசத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவ மழையில வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்துல தெற்குப் பக்கம். தை மாசம் மழை ஓய்ஞ்சிருக்கும், காத்து இருக்கும். முனையில தண்ணியில இறங்கவே கூடாது. ரெண்டு கடலும் சேர்ற இடம், கால் நிக்கற மணலையே நீரோட்டம் உருவிடும். பையன் கையை விடாதீங்க.

தார் ரோட்டை விட்டு வண்டியை மணல்ல இறக்காதீங்க. மேல காய்ஞ்சு கெட்டியாத்தான் தெரியும், அடியில பொதபொதன்னு. மாட்டினா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, சக்கரம் தோண்டிக்கிட்டு இன்னும் இறங்கும். முன் டயர் காத்தைக் கொஞ்சம் குறைச்சு, மிதியடியை டயருக்கு முன்னாடி சொருகி, ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க.

பார்க்க வேண்டியது பழைய ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல்ல பாம்பன்லேருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டு போச்சு. சர்ச்சோட சுவர், ஸ்டேஷன் இடிபாடு இன்னும் நிக்குது. அதுக்கு முந்தி இங்கேருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு, மெட்ராஸ்லேருந்து ரயில்ல வந்து கப்பல் ஏறிடலாம். அங்க இருக்கற மீனவக் குடும்பங்க மணல்ல கை ஆழத்துக்கு ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு குடம் நிரப்பறதைப் பையனுக்குக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நல்ல தண்ணி எப்படின்னா, மழைத் தண்ணி மணல்ல இறங்கி, உப்புத் தண்ணியை விட எடை குறைவுங்கறதால அதுக்கு மேல மிதந்து நிக்குது. மேலோட்டமா மொண்டா இனிக்கும். ஆழமாத் தோண்டினாலும், மோட்டார் வச்சு இழுத்தாலும் உப்பு ஏறிடும்.

போற வழியில கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைஞ்ச இடம், 64 புயல்லயும் தப்பிச்ச கோயில். அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமரை அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இலங்கையிலேருந்து திரும்பற வழியில இராமர் அங்க பட்டாபிஷேகக் கோலம் காட்டினார்னு நம்ம பக்கத்து ஐதீகம். ரெண்டையும் சேர்த்துச் சொன்னா அவருக்குப் பிடிக்கும்.

பேக்கரும்புல அப்துல் கலாம் நினைவிடம் மெயின் ரோட்டு மேலயே இருக்கு, வர்ற வழியில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

---

ஐந்துரோடு_ஸ்டியரிங்

திரும்பற அன்னைக்கு நேரம் இருந்தா இராமநாதபுரத்துல கொஞ்சம் விலகி உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் வருஷம் பூரா சந்தனக் காப்புல இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவாங்க. தை மாசம் போறீங்க, சந்தனத்தோடதான் பார்ப்பீங்கன்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. திருப்புல்லாணியும் பக்கம்தான். ரெண்டையும் பார்த்துட்டு ராத்திரிக்குள்ள சேலம் வந்துடணும்னு நினைச்சா முடியாது, ஒண்ணை விடுங்க. நான் விடச் சொல்றது திருப்புல்லாணியை, அப்பா வேற மாதிரி சொல்வார்.

வழிக்குத் தட்டுவடை எடுத்தா சட்னியைக் கலக்காம தனியா எடுங்க, மதுரை தாண்டறதுக்குள்ள ஊறிப்போகும்.

சேலம் வந்த மறுநாளே காரை வாட்டர் வாஷுக்கு விடுங்க. மேல மட்டும் கழுவினாப் பத்தாது, தூக்கி நிறுத்தி அடிப்பாகம், சக்கர வளைவு, சைலன்சர் எல்லாம் நல்ல தண்ணியில அடிக்கச் சொல்லணும். தனுஷ்கோடிக் காத்துல உப்பு அப்படிப் படியும். ஒரு வாரம் விட்டா போல்ட் தலையில செம்பழுப்பா துரு தெரிய ஆரம்பிக்கும். மிதியடி மணலை வாஷுக்கு முன்னாடியே வீட்டுல உதறிடுங்க, இல்லைன்னா ஈரத்துல பிடிச்சு ஏசி மாதக்கணக்கா வாடை அடிக்கும்.