கம்ரா அரசியல் பேச ஆரம்பித்த பிறகு: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சயன் சர்க்கிள்:

ஸ்டாண்ட்அப் காமெடியன் குணால் கம்ராவை மேடையில் பார்த்தவர்களும், அவரால் வீட்டிலோ நட்பிலோ மனஸ்தாபம் ஆனவர்களும் உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள். கருத்துச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. நான் கேட்பது நடந்ததை மட்டும். முதலில் என் கதை.

பிறந்து வளர்ந்தது மும்பை சயனில். 2016 வாக்கில் தாதர்க்காரன் ஒருவனும் நானும் சனிக்கிழமை ஆனால் போதும், ஓப்பன் மைக் தேடிக் கிளம்பிவிடுவோம். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பதினைந்து பேர் மேடை ஏறுவார்கள். அதில் மூன்று பேர் தேறினால் அன்றைய காசுக்கு நஷ்டமில்லை. விளம்பரத் துறையில் இருந்துவிட்டு 2013-ல் மேடை ஏற ஆரம்பித்த கம்ரா, எங்கள் கணக்கில் தேறுகிற ரகம்.

2017-ல் அந்த வீடியோ வந்தது. பணமதிப்பிழப்பு நேரத்தில் ஏடிஎம் வரிசையில் யாராவது முணுமுணுத்தால், 'சியாச்சினில் நம் வீரர்கள் நிற்கிறார்கள், உன்னால் நிற்க முடியாதா' என்று வாயை அடைப்பார்களே, அதை எடுத்து உரித்து வைத்திருந்தார். தாதர்க்காரனின் அப்பா பென்ஷன் எடுக்க மூன்று நாள் வங்கி வாசலில் நின்றவர். "பாபாவுக்கு அனுப்புடா" என்று என் போனைப் பிடுங்கினான். அவன் ஓட்டு எந்தக் கட்சிக்கு என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அன்று அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அந்த வீடியோவுக்காகக் கம்ராவுக்குக் கொலை மிரட்டல் வந்ததும், குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் செய்தியில் வந்தபோது, என்னைவிடக் கோபப்பட்டவன் அவன்தான்.

நாங்கள் முட்டிக்கொண்டது 2020 ஜனவரி 28 அன்று. மும்பையிலிருந்து லக்னோ போகும் இண்டிகோ விமானத்தில் டிவி செய்தி நெறியாளர் அர்னாப் கோஸ்வாமி உட்கார்ந்திருக்க, கம்ரா அவர் சீட்டுக்குப் போய் மொபைலை நீட்டிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். 2016-ல் தற்கொலை செய்துகொண்ட ஹைதராபாத் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் பெயரையும் சொன்னார். இண்டிகோ ஆறு மாதம் தடை போட்டது, பிறகு அதை மூன்றாகக் குறைத்தது. மற்ற சில விமான நிறுவனங்களும் அப்போது கூடச் சேர்ந்துகொண்டன.

"இதுல காமெடி எங்க இருக்கு? அந்த ஆள் எழுந்து போகக்கூட முடியாது" என்றான் தாதர்க்காரன். தினமும் ராத்திரி டிவியில் விருந்தாளிகளிடம் கேட்கும் தொனியில்தானே இவரும் கேட்டார் என்றேன் நான். "அது அவர் ஸ்டுடியோ, இது விமானம்" என்றான் அவன். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதோடு சனிக்கிழமைகள் நின்றன. இப்போது யோசித்தால், சிரிக்க அதில் எதுவும் இல்லை என்று அவன் சொன்னது சரிதான். நானே சிரிக்கவில்லை. 'நல்லா கேட்டாரு' என்று குஷியாகத்தான் இருந்தேன், அந்தக் குஷியையும் சிரிப்புக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இனி அப்பா கதை. 2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. கம்ராவின் புது வீடியோவை வீட்டு டிவியில் போட்டேன். ஒரு பழைய இந்திப் படப் பாட்டின் மெட்டில் தாணே, ஆட்டோ, தாடி, கண்ணாடி என்று வரிசையாக அடையாளம் சொல்லிக்கொண்டே போகிறார். பெயர் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் அதற்குமேல் பெயர் தேவையும் இல்லை. தாணேயில் ஆட்டோ ஓட்டியவர், 2022-ல் சிவசேனாவை உடைத்துக்கொண்டு வந்தவர், துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டே. 'கத்தார்' என்ற சொல்லும், அதாவது துரோகி, பாட்டில் வருகிறது.

அப்பா காபி டபராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரித்து முடித்ததும் எழுந்து போய் நடைபாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். "சத்தத்தைக் குறைடா. கீழ் வீட்டுல சிவசேனா ஷாகா ஆள் இருக்கான்."

அந்த ஜன்னலுக்குப் பின்னால் அறுபது வருடக் கதை இருக்கிறது. அப்பா 1957-ல் பிறந்தவர். தாத்தா ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் ஸ்டெனோ. பால் தாக்கரே முதலில் கார்ட்டூனிஸ்ட், 1960-ல் 'மார்மிக்' என்ற நகைச்சுவை வார இதழைத் தொடங்கியவர் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தெந்த ஆபீஸில் எத்தனை மதராஸிகள் என்று பெயர்ப் பட்டியல் போட்டது அந்த இதழ்தான். நம் பேச்சை 'யண்டு குண்டு' என்று கிண்டல் செய்வார்கள். 1966-ல் சிவசேனா கட்சி பிறந்தது, உடுப்பி ஹோட்டல்கள்மேல் கல் விழுந்தது. லோக்கல் ரயிலில் பாட்டி தமிழில் ஏதாவது கேட்டால் தாத்தா பதில் சொல்லமாட்டாராம், தலையை மட்டும் ஆட்டுவாராம்.

"கார்ட்டூன் போட்டவர் கட்சி ஆரம்பிச்சார். இவன் என்ன ஆரம்பிக்கப் போறானோ" என்றார் அப்பா. அதைக் கவலையாகச் சொன்னாரா ஆசையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று ராத்திரியே, அந்த வீடியோ எடுத்த இடமான, மும்பை கார் (Khar) பகுதியில் இருந்த ஹாபிடாட் ஸ்டுடியோவுக்குள் ஷிண்டே தரப்புச் சிவசேனாக்காரர்கள் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். நான் உட்கார்ந்து சிரித்த நாற்காலிகள். சரி, உங்கள் கதைகள் வரட்டும்.

பெங்களூர் ஃபில்டர்:

என்னுடையது சின்னக் கதை. கொரோனாவுக்கு முன்னால் பெங்களூரில் அவருடைய நிகழ்ச்சி. பிரதமரைப் பற்றி ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன் வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து, குனிந்தபடியே வெளியே போனார். பின்னாலிருந்து "பக்த்! பக்த்!" (மோடி பக்தர் என்ற கேலி) என்று கத்தல், விசில். கூட வந்திருந்த அவர் மனைவி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து மனிதர் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். பாத்ரூம் போயிருக்கிறார், பாவம். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் ஒவ்வொரு ஜோக்குக்கும் தேவைக்கு அதிகமாகவே கை தட்டினார்.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். சிரிப்பு வந்தால் ஆட்கள் முன்னால் சாய்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரின் தொடையில் அடிக்கிறார்கள். கைதட்டும்போது நிமிர்ந்து உட்கார்கிறார்கள், யார் தட்டவில்லை என்று ஒரு பார்வையும் பார்க்கிறார்கள். முதல் அரை மணி நேரம் எல்லோரும் சாய்ந்தோம். பிறகு நிமிர்ந்தே இருந்தோம்.

ஆனாலும் 2021 டிசம்பர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தேன். அரங்கத்தை மூடிவிடுவோம் என்று மிரட்டல் வந்து பெங்களூர் நிகழ்ச்சிகளே ரத்தாகின. டிக்கெட் காசு திரும்பி வந்தது, அதில் குறையில்லை. அவரைப் பிடிக்கிறதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது. அவர் பேசக்கூடாது என்று யாராவது சொன்னால் மட்டும் பிடித்துவிடுகிறது.

பழைய விசிறி:

நான் விலகினதுக்குக் கொள்கை எல்லாம் காரணம் இல்லை. போரடித்தது. எந்தக் கதையில் ஆரம்பித்தாலும் கடைசியில் அதே ரெண்டு பேர்தான் வருவார்கள் என்று தெரிந்துபோனால் பஞ்ச்லைனுக்கு என்ன வேலை? இதை ஒரு குரூப்பில் சொன்னேன். அரை மணி நேரத்தில் என்னைச் சங்கி ஆக்கிவிட்டார்கள். வேறொரு குரூப்பில் அதையே சொன்னதற்கு ஹார்ட் போட்டார்கள், அது இன்னும் சங்கடமாக இருந்தது. அந்த ஷிண்டே பாட்டைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதில் உழைத்திருக்கிறார்.

மைக் டெஸ்டிங்:

முலுண்டிலிருந்து எழுதுகிறேன். பகலில் ஐடி வேலை, ராத்திரி ஓப்பன் மைக். இந்தியும் இங்கிலீஷும் கலந்த செட், நடுவில் அம்மா வரும்போது மட்டும் தமிழ்.

உங்களுக்கு அந்த நாற்காலி உடைந்தது ரசிகர் வருத்தம். எங்களுக்கு அது வேலை போன மாதிரி. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் முதல் செட் செய்தது அந்த மேடையில்தான். அங்கே தற்காலிகமாக மூடுகிறோம் என்று அறிவித்ததும் மற்ற இடங்களும் பயந்துவிட்டன. நான் வழக்கமாகப் போகும் ஒரு கஃபேயில் (பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனிதர்) ஐந்து நிமிட செட்டை முன்கூட்டியே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். என் செட்டில் அரசியல் கிடையாது. ரோட்டுக் குழியில் ஸ்கூட்டரோடு விழுந்து, உள்ளே ஏற்கெனவே விழுந்து கிடந்தவரோடு நட்பான கதை. அதை எடுக்கச் சொன்னார். ஏன் சார் என்றேன். "குழின்னா மாநகராட்சி. மாநகராட்சின்னா அரசியல்." நீ மேடையில் சொல்வதைவிட இது நன்றாக இருக்கிறதே என்று என் நண்பர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

அந்த வாரம் எனக்குக் கம்ராமேல் பயங்கரக் கோபம். அவருக்கு வக்கீல் இருக்கிறார், லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது, மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று அறிக்கை விட முடிகிறது. 2020-ல் உச்ச நீதிமன்ற அவமதிப்பு வழக்கிலும் அப்படித்தான், மன்னிப்பும் இல்லை, அபராதமும் இல்லை என்று எழுதினார். நான் குழி ஜோக்குக்கே கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

லோக்கலில் நின்றுகொண்டே இதை ஒரு சீனியர் காமிக்கிடம் புலம்பினேன். "நாற்காலியை உடைச்சது யாரு?" என்று கேட்டார். பதில் தெரியும், சொல்லவில்லை. அப்புறம் அவரே இன்னொன்றும் நினைவுபடுத்தினார். அரசைப் பற்றி இணையத்தில் வருவதில் எது பொய் என்று மத்திய அரசே முத்திரை குத்தும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்று வந்ததே, அந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் முதல் ஆள் கம்ராதான். "உன் குழி ஜோக்குக்கும் சேர்த்துத்தான் அவன் கோர்ட்டுக்குப் போனான்" என்றார் சீனியர். பாண்டுப் வந்தது, கூட்டம் ஏறியது, பேச்சு அறுந்தது. எனக்குக் கோபம் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. டிக்கெட் விற்கும் பெரிய தளம் ஒன்று ஏப்ரலில் அவர் பெயரையே தூக்கிய அன்று, மீதியிலும் கொஞ்சம் போனது.

குழி ஜோக்கை இப்போது நவி மும்பையில் சொல்கிறேன். குழி மும்பையில் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான்.

வானூர் பக்கம்:

மேடையில் பார்த்ததில்லை, வீடியோவும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன். ஷிண்டே பாட்டுக்காக மும்பை போலீஸ் வழக்குப் போட்டதும், 2021-லிருந்து தமிழ்நாட்டில் குடியிருக்கிறேன் என்று சொல்லித்தான் விழுப்புரம் மாவட்டத்துக் கம்ரா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மார்ச் 28 வெள்ளிக்கிழமை இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது, வானூர் நீதிமன்றத்தில் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வானூர் கோர்ட்டை வடநாட்டு சேனல்கள் உச்சரித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் டீக்கடையில் ஒரே விசாரணை. "காமெடி நடிகரா? எந்தப் படம்?" படமெல்லாம் இல்லண்ணே, மேடையில நின்னு தனியா பேசுவாரு என்றேன். "பட்டிமன்றமா?" எதிரில் யாரும் இருக்கமாட்டாங்கண்ணே என்றேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அரசியல் கூட்டம்தான்" என்று முடித்துவிட்டு டீயை ஆற்றினார்.

காமெடிக்காரர் ஏன் அரசியல் பேசுகிறார் என்று அங்கே யாருமே கேட்கவில்லை. எம்.ஆர். ராதாவைப் பார்த்த ஊர், சோவைப் படித்த ஊர். 2011-ல் வடிவேலு பிரசாரத்துக்குப் போனதும், அதற்குப் பிறகு படமே இல்லாமல் இருந்ததும் அவர்களுக்கு அத்துபடி. ஒரு பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "மெட்ராஸ்ல வந்து நம்மாளுங்கள இப்படிக் கிண்டல் பண்ணா நாற்காலி தப்புமா?" கடை அமைதியாகிவிட்டது. யாரும் தப்பும் என்று சொல்லவில்லை.

சயன் சர்க்கிள்:

வானூர்க்காரரே, எழுதலாமா வேண்டாமா என்று நான் வைத்திருந்ததை நீங்கள் கிளப்பிவிட்டீர்கள்.

ஸ்டுடியோ உடைந்த மறுநாள் ஒரு ஆடியோ சுற்றியதே, கட்சிக்காரர் ஒருவர் கம்ராவுக்குப் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று மிரட்ட, தமிழ்நாட்டில் என்று பதில் வர, தமிழ்நாட்டுக்கு எப்படி வருவது என்று அவர் குழம்புவாரே, அது என் போனுக்கும் வந்தது. அனுப்பியவன் தாதர்க்காரன். ஐந்து வருடத்தில் தீபாவளி, கணபதி வாழ்த்தைத் தவிர அவனிடமிருந்து எதுவும் வந்ததில்லை. ஆடியோவுக்குக் கீழே ஒரு வரி: "உன் ஊருக்கு எப்படிடா வர்றது?"

உன் வீட்டு வாசலிலிருந்தே ரயில் இருக்கிறதே என்று எழுதினேன். தாதரில் ஏறினால் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிவரை போகும். ஒரு பழைய சனிக்கிழமையை அப்படிக் கழிக்கலாம், வா என்றேன்.

ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டே இருந்தான். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "வர்றேன். ஆனா ரயில்ல யார் சீட்டுக்கும் போய்க் கேள்வி கேட்கக் கூடாது."