சிறிய பழைய காரில் கடல் கடந்து ரலிக்குப் போனவர்கள்: அனுபவப் பகிர்வு

உவர்மலையிலிருந்து:

கார்னே (காரைத் தற்காலிகமாக இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கான அனுமதிப் பத்திரம்), சுங்கம், கொழும்பில் கொன்ரெய்னரில் ஏற்றுவது எல்லாம் இங்குள்ளவர்கள் அறிந்தவை என்பதால், நேரே தமிழ்நாட்டில் நாங்கள் ஓடிய ரலியின் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ஏற்றத்துக்கு வந்துவிடுகிறேன். எங்களுடையது 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 1098 சிசி; அப்பப்பா திருகோணமலைக் கடற்படைத் தளமான டொக்கியாட்டில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. அந்த ரலியில், கொடுக்கப்பட்ட சராசரி வேகத்தில் ஓடி ஒவ்வொரு கட்டுப்பாட்டு நிலையத்தையும் குறித்த விநாடியில் அடைய வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தண்டப்புள்ளி.

ஒரு கொண்டை வளைவில் இயந்திரம் இருமுறை குலுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினால் கேட்க வேண்டிய பெற்றோல் பம்பின் 'டிக் டிக்' ஓசை கேட்கவில்லை. மச்சான் பாதை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தேயிலைச் சரிவிலிருந்து குடையுடன் இறங்கி வந்த ஒரு முதியவர், காரின் பின்புறம் இருந்த, இலங்கையைக் குறிக்கும் 'சிஎல்' என்ற வெள்ளை வில்லையைச் சற்று நேரம் பார்த்தார். எதுவும் கேட்காமல் பொனற்றைத் திறந்து, என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி, பம்பின் கறுப்பு மூடியில் முட்டையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். ஓசை திரும்பியது.

"அட்டன்ல தொரைக்கு நான் ஓட்டுனதும் இதே வண்டிதான் தம்பி" என்றார். அட்டன் எங்கள் மலையகத்துத் தேயிலை ஊர். நான் கியரைப் போட்டுவிட்டேன். அப்போது அவர் சன்னலைப் பிடித்துக்கொண்டு, "தலைமன்னார்க் கப்பல் இன்னும் போகுதா?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு அவசரப்பட்டும் நான்கு விநாடி பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடியில் அவர் குடையை மடக்கியபடி நடுவீதியில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உப்புவெளியிலிருந்து:

தம்பி, பெரியவரைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஆனால் பம்ப் தற்செயலாக நிற்கவில்லை. புறப்படுமுன் கவனிக்காமல் விட்டதால்தான் நின்றது. அந்த எஸ்யூ நிறுவன மின்பம்பின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகினால் மின்சாரம் பாயாது. தட்டினால் சற்று நேரம் ஓடும், பிறகு மறுபடியும் நிற்கும். மூடியைக் கழற்றி, மெல்லிய தாளை முனைகளுக்கிடையில் வைத்து இழுத்துச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஓசை விடாமல் வேகமாக அடித்தால் பெற்றோல் தீர்ந்திருக்கும், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். ஓசையே இல்லாவிட்டால் முனைகளைப் பாருங்கள். வெளியூர் போகிறவர் இன்னொரு பம்பையும் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. இதை அறியாமல் ஒருமுறை மதுரையில், தூரமானி ஒன்றை, எதிர்முனையோடு இணைந்த அதன் உலோகக் கூட்டோடு டாஷ்போர்டில் திருகினேன். கொடி விழுவதற்கு ஒரு நிமிடம் இருக்கையில் வயரிலிருந்து புகை கிளம்பியது. பின்னால் நின்ற பதினேழு கார்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த வயர் எரிந்த நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கிறது. ஆகவே எதிர்முனையை உடலோடு இணைக்கும்படி மாற்றிவிடுங்கள்: பற்றரி வயர்களை மாற்றி, பற்றவைப்புக் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் 'எஃப்' முனையில் ஒரு கணம் மின்சாரத்தைத் தொட்டு அதன் துருவத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது.

மனையாவெளியில் பிறந்து இலண்டனில் இருப்பவர்:

அண்ணா, பம்ப் பற்றிச் சொன்னது சரி. உதிரிப்பாகங்களைச் சுமந்து போகச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்ற விதி, ஐரோப்பாவிலிருந்து மங்கோலியா வரை ஓடிய மங்கோல் ரலியில் இருந்த காலத்தில், நானும் தோழியும் ஒரு நிசான் மைக்ராவில் போனோம். பின்னிருக்கையை நிரப்பிய உதிரிப்பாகங்களின் பாரத்தால்தான் கசகஸ்தானில் பின் ஸ்பிரிங் முறிந்தது. ஒட்டித் தந்தவர் காசு வாங்க மறுத்தார். அந்நாட்டில் ஸ்ரியரிங் இடப்பக்கம் என்பதால், எங்கள் காரின் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து பார்க்க மட்டும் விரும்பினார். அவர் ஸ்ரியரிங்கை இரு கைகளாலும் பிடித்தபடி அசையாமல் இருக்க, அவருடைய சிறு மகன் இடப்பக்க இருக்கையில் ஸ்ரியரிங் இல்லாத இடத்தைத் துழாவி விழுந்து விழுந்து சிரித்தான். ரலி முடிந்த உலான்பாட்டர் போய்ச் சேர்ந்த நாள்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக நினைவில்லை. இரண்டு பெட்டி உதிரிப்பாகங்களை அவரிடமே விட்டுவிட்டுப் போனோம்.

தம்பலகாமத்திலிருந்து:

உவர்மலை அண்ணா, அந்த முதியவர் எப்படிக் கோத்தகிரிக்கு வந்தார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளியினரான 525,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களில் என் மாமாவும் ஒருவர். இராமேசுவரத்துக்கு ஓடிய தலைமன்னார்க் கப்பலில் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். நண்பரின் 848 சிசி மினியில் நானும் ரலிக்குப் போனபோது, அவருடைய லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் காரை நிறுத்தினேன். மாமா என்னைத் தொடுவதற்கு முன் இலக்கத் தகட்டில் இருந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தை விரலால் தடவி, பள்ளிப் பிள்ளைபோல் உரக்க வாசித்தார். மாமி உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டார். "நம்மூர் கார்" என்றார் மாமா.

தை மாதம் மீண்டும் அந்தப் பக்கம் போகிறோம். இடத்தைச் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

உவர்மலையிலிருந்து:

பாதை அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். புறப்பட்ட இடத்திலிருந்து 18.4 கிலோமீற்றரில், வலப்பக்கம் திரும்பும் கொண்டை வளைவு; அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கோயிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. அவரைக் கண்டால், தலைமன்னார்க் கப்பல் 1984இலேயே நின்றுவிட்டது என்றும், 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது என்றும் சொல்லுங்கள். பெயரையும் கேட்டு வாருங்கள்.