வைரஸ் அடங்கியிருக்கிறது, மறதி மட்டும் ஏன்?

பூ மண்டிக் கணக்கர், மாட்டுத்தாவணி:

சித்திரையில் மல்லிகை வரத்து கூடும்போது விடிவதற்குள் சிட்டைக் கட்டு தீர்ந்துவிடும். எந்த ஊர்க்காரர் எத்தனை கிலோ இறக்கினார் என்பதைச் சிட்டையைப் புரட்டாமலே சொல்லிவந்தவன் நான். கொஞ்ச காலமாக அது முடியவில்லை. ஒருவருக்குக் கணக்கு எழுதும்போது இன்னொருவர் விலை கேட்டால் இரண்டும் குழம்புகின்றன. பழகிய ஆளின் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிடுகிறது.

எனக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு; 2008 முதல் அதற்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. தனியார் மருத்துவர் ஒருவர், "வயதானால் அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டெல்லாம் ஒரு வயதா? அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவர்தான் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டவேண்டும். அடுத்து, அதே கையை மேசைமேல் மூடி, விரித்து, பக்கவாட்டில் நிறுத்தி, வரிசை பிசகாமல் மாற்றவேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களைச் சொல்லவேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமாம். எனக்கு வந்தது ஒன்பதரை.

இந்த வைரஸ் தொற்றிய சில வாரங்களிலேயே மூளைக்குள் போய்விடுகிறது என்றார். நரம்பணுக்களை விட்டுவிட்டு, அவற்றுக்குக் காவலாக இருக்கும் அணுக்களில் தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. ரத்தத்தில் வைரஸ் அடங்கிய பிறகும் சிலருக்கு அந்த அழற்சி லேசாகத் தொடரலாம். சிகிச்சைக்கு முன் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகவும் இறங்கியிருந்தவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம். எனக்கு அப்போது 86. முன்பெல்லாம் ஆளையே முடக்கிப்போட்ட கடுமையான அறிவுத்திறன் இழப்பு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களிடம் இப்போது அரிது என்றும் சொன்னார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாவற்றையும் எச்.ஐ.வி.யின் தலையில் கட்டிவிடவும் அவர் தயாராக இல்லை. தைராய்டு, சர்க்கரை, பி12, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். மனச்சோர்வு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றும் விசாரித்தார். எனக்கு பி12 குறைவாகவும் ரத்த அழுத்தம் 160-க்கு மேலும் இருந்தன. இரண்டுக்கும் மருந்து தொடங்கிய பிறகு பெயர்கள் திரும்ப வருகின்றன. பழைய வேகம் வரவில்லை. ஒருவர் கணக்கை முடிக்காமல் அடுத்தவருக்குப் பதில் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

உசிலம்பட்டி சகோதரி:

என் அனுபவம் வேறு, அண்ணா. எபாவிரென்ஸ் சேர்ந்த பழைய மாத்திரையில் தலைசுற்றலும் கெட்ட கனவுகளும் இருந்தன. டொலுடெக்ராவிர் மாத்திரைக்கு மாற்றியதும் கனவு போனது, தூக்கமும் போனது. தூங்காத மறுநாள் அடுப்பில் பால் வைத்ததே நினைவிருக்காது. நானாக மாத்திரையை நிறுத்தாமல் ஆலோசகரிடம் சொன்னேன். மருத்துவர் அதைக் காலையில் சாப்பிடச் சொன்னார். இப்போது தூக்கம் வருகிறது, மறதியும் குறைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டோமா என்ற சந்தேகம் வராமலிருக்க, கிழமை எழுதிய டப்பாவில் போட்டுவைக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு மகன்:

அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மையத்தில் மட்டும் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுகிறார். நான் கூடப் போனால் பேசுவார்களா?

மண்டிக் கணக்கர்:

அம்மா சம்மதித்தால் பேசுவார்கள், தம்பி. சம்மதமில்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள். எப்போதிலிருந்து, எந்த வேலையில் தடுமாறுகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காதீர்கள். போவதற்கு முன் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.